கட்டெறும்பின் மூளை

எறும்பு வகைகளிலேயே வடிகட்டின முட்டாள் கட்டெறும்புதான். சுள்ளெறும்புக்குக் கூட்டமாகச் சேர்ந்து கடிக்கவாவது தெரியும், சிற்றெறும்புக்குச் சர்க்கரை டப்பா இருக்கும் இடமாவது தெரியும். இதை என் மச்சானுக்குச் செய்தே காட்டினேன்.

செத்து இரண்டு நாளான எறும்புகளை நசுக்கி, அந்தச் சாற்றை உயிருள்ள ஒரு கட்டெறும்பின் மேல் தடவினேன். மற்ற எறும்புகள் அதை மோந்து பார்த்தன. உடனே தூக்கிக்கொண்டுபோய், செத்ததுகளைப் போடும் குவியலில் போட்டன. அது காலை உதறிக்கொண்டேதான் போனது. எழுந்து திரும்பி வந்தது. மறுபடியும் தூக்கிப் போட்டன. மூன்றாவது தடவை அது காலை உதறவில்லை.

"பாத்தியா? கண்ணெதிர்ல துடிக்குது, ஆனா வாசனையைத்தான் நம்புதுங்க. மூளைன்னு ஒண்ணு இருந்தா இப்படிப் பண்ணுமா?" என்றேன்.

மச்சான் மூக்கைச் சுளித்தான்.

சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன். தட்டு வைக்க வந்த என் மனைவி குனிந்து என் தோளை மோந்து பார்த்தாள்.

"தம்பி, நீ காலைப் பிடி," என்றாள்.

இருவரும் என்னைத் தூக்கிப்போய்த் தெருமுனைக் குப்பைத்தொட்டி ஓரம் கிடத்தினார்கள். "அறிவிருக்கா உங்களுக்கு?" என்று வழியெல்லாம் கத்தினேன், உதைத்தேன். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. எதிரே வந்த பால்காரர் சைக்கிளை ஒதுக்கி வழிவிட்டார்.

திரும்பிப் போய் மணியடித்தேன். மனைவி கதவைத் திறந்தாள்.

"தம்பி, மறுபடியும் வந்துட்டாருடா," என்றாள், அலுப்போடு.

இத்தனை வருஷம் இந்த மடையர்களோடுதான் குடித்தனம் நடத்தியிருக்கிறேன். மறுபடியும் தூக்கிப் போட்டார்கள். எழுந்து திரும்பிப் போனபோது என் தட்டை அலம்பிக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். மூன்றாவது தடவை தூக்கியபோது நான் காலை உதறவில்லை.