அப்பாவின் காதுக்கு ஒரு டியூபா

டியூபா என்ற அந்தப் பெரிய பித்தளை ஊதுகருவியின் அகன்ற வாய் அப்பாவின் முகத்தைப் பார்த்தபடி இருந்தது.

வழக்கமாக டியூபாவுக்கு வாய் வானத்தைப் பார்த்திருக்கும். இதற்கு மட்டும் முன்பக்கம் திருப்பி வைக்க வேண்டும் என்று நான் சொன்னபோது ஈப்போ விஜயன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பள்ளி பேண்டு வாத்தியங்களைப் பழுது பார்ப்பவர், சொன்னால் புதிதாகவும் செய்து தருவார். நான் தாப்பா ஊர்ப் பள்ளியில் பிள்ளைகளுக்கு பேண்டு சொல்லிக் கொடுக்கிறேன். அதனால் பழக்கம்.

இன்னொன்றும் சொன்னேன். குழாய் வழக்கத்தைவிட நீளமாக இருக்க வேண்டும். ஒலி எவ்வளவு கீழே இறங்க முடியுமோ அவ்வளவு இறங்க வேண்டும்.

"இது டியூபா இல்ல மோகனா. லோரி ஹாரன்லா."

லோரி ஹாரனாகவே இருக்கட்டும். அப்பாவுக்குக் கேட்டால் போதும்.

அப்பா பழனியப்பன் ரிங்லெட்டுக்கு மேலே இருக்கும் இந்தத் தேயிலைத் தோட்டத்து ஆலையில்தான் ஆயுசு முழுக்க வேலை பார்த்தார், கொழுந்தைச் சுருட்டும் இயந்திரங்களுக்கு நடுவில். அந்த இரைச்சலில் கத்திப் பேசிப் பயனில்லை. முகத்தையும் கையையும் பார்த்தே வேலையை நடத்துவார்கள்.

அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. அம்மா சோறு போடவா என்று கேட்டு முடிப்பதற்குள் அப்பா தட்டோடு உட்கார்ந்திருப்பார். சோறு என்றால் மட்டும் உங்கள் அப்பாவுக்குப் பாம்புக் காது என்று அம்மா கேலி செய்வார்.

அப்பாவின் சாமர்த்தியத்தில் அவருக்குக் காது போனதே எங்களுக்கு வெகுகாலம் தெரியவில்லை.

பள்ளி நாளிலிருந்து நான் வாசித்தது கிளாரினெட், மெல்லிய கீச்சுக் குரலில் பாடும் ஊதுகுழல். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் அப்பா முன்வரிசையில் உட்கார்ந்து, சரியான இடத்தில் தலையாட்டி, எல்லாருக்கும் முன்னால் கை தட்டுவார். கீச்சென்ற ஒலிகள்தான் முதலில் போகும், இவருக்கு அவை போய்ப் பல வருஷம் ஆகியிருக்கும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அன்றைக்குக் காரை எடுக்க முடியாமல் நிறுத்துமிடத்திலேயே உட்கார்ந்து அழுதேன். அப்பா என் தோளைத் தட்டி, பசிக்கிறதா என்று கேட்டார்.

காதுக்கருவி வாங்கிக் கொடுத்தேன். ஆலைக்குள் திரும்பப் போன மாதிரி இருக்கிறது என்று கழற்றி சாமி மாடத்தில் வைத்துவிட்டார்.

கனத்த ஒலிகள் மட்டும் இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கலாம், அதுவும் அதிக நாள் தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் அதைப் பிடித்துக்கொண்டேன். அதுவும் போவதற்குள் நான் வாசித்து அப்பா ஒருமுறையாவது கேட்க வேண்டும். என் பிடிவாதம் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

அப்பாவைக் கையோடு ஈப்போவுக்கு அழைத்துப் போனேன். பட்டறையில் விஜயன் அவருக்கு எதிரே உட்கார்ந்து, குட்டைக் குழாயில் ஆரம்பித்து ஒவ்வொன்றாக ஊதிக் காட்டினார். கேட்டால் கையைத் தூக்க வேண்டும் என்று ஏற்பாடு.

அப்பாவின் கை மடியிலேயே கிடந்தது. கடைசிக் குழாய்தான் எல்லாவற்றிலும் நீளம். ஊதிய விஜயனுக்குக் கழுத்து நரம்பு புடைத்தது. பக்கத்தில் நான் துப்பட்டாவை முறுக்கிக்கொண்டு நின்றேன். அப்பா விஜயனைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கையைத் தூக்கினார்.

அந்த இடத்திலேயே விஜயனின் காலைத் தொட்டுக் கும்பிட்டிருப்பேன். அவர்தான் விலகிக்கொண்டார்.

அந்தக் குழாயின் அளவுக்குச் செய்த டியூபா இது. நேற்றுதான் கைக்கு வந்தது. விடிந்ததும் மலையேற்றிக் கொண்டு வந்துவிட்டேன்.

தொழிலாளர் லயத்தில் எங்கள் வீட்டு வாசலில் அப்பா பலகையில் உட்கார்ந்திருந்தார். பண்டிகைக்குப் போடும் சட்டையைப் போட்டு, தலையைப் படிய வாரியிருந்தார். கீழே தேயிலைச் சரிவை இன்னும் பனி மூடியிருந்தது. பக்கத்து வீட்டுப் பாஞ்சாலை அக்கா எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு துணி காயப் போட்டுக்கொண்டிருந்தார்.

பித்தளை ஐஸ்கட்டியாக இருந்தது. மலைக் குளிரில் எடுத்ததும் வாசிக்கக் கூடாது, முதலில் வெறும் மூச்சை விட்டுக் குழாயைச் சூடாக்கு என்று விஜயன் சொல்லி அனுப்பியிருந்தார். உதடு துடித்தால்தான் டியூபா பேசும். வெறும் மூச்சு சத்தமில்லாமல் உள்ளே போய்விடும்.

மடியில் ஏற்றி அணைத்துக்கொண்டேன். வாயை வைத்தேன். கன்னம் உப்ப, சூடான மூச்சை மெதுவாக உள்ளே விட்டேன்.

அப்பாவின் கை மேலே போனது.

"கேக்குதும்மா. நல்லா கேக்குது."

அவர் கண் கலங்கியிருந்தது. தலை மெல்ல ஆடத் தொடங்கியது, கிளாரினெட் நாட்களில் ஆடிய அதே ஆட்டம்.

பாஞ்சாலை அக்கா திரும்பவில்லை. அடுத்த துணியை உதறிக் கொடியில் போட்டார்.

இனி உதட்டைத் துடிக்கவிட்டுப் பார்க்கும் தைரியம் எனக்கு இல்லை.

அப்பா கையை இறக்கும்வரை மூச்சை மட்டும் விட்டுக்கொண்டிருந்தேன்.