ஓலை வாசித்த ஞாயிறு

கிறிஸ்தவக் கல்யாணத்தை அரசாங்கமே காவல் காக்க வேண்டும் என்று தொண்டை கிழியக் கத்தி ஊர்வலம் போனவர் உபதேசியார் சந்தியாகு. மனைவி கணவனுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்ற பாதி வசனம்தான் அவருக்கு மனப்பாடம். கணவன் மனைவியை நேசிக்க வேண்டும் என்ற மீதிப் பாதியையும் சேர்த்துச் சட்டமாக்கித் தொலைத்தது அரசாங்கம். வீட்டுக்கு வீடு, சிலுவைக்குக் கீழே ஒரு காவல் பெட்டியையும் மாட்டிவிட்டுப் போனது.

"ஏட்டி, இது காப்பியா, கழனித்தண்ணியா?" என்று அவர் டம்ளரை விட்டெறிந்த காலையில் பெட்டி வாய் திறந்தது.

"மனைவியை நேசிக்கத் தவறியதால் உங்கள் திருமணம் ரத்தாகிறது. வீட்டைவிட்டு வெளியேறவும்."

சிந்திய காப்பியைத் துடைத்துக்கொண்டிருந்த அவர் மனைவி ரெஜினாவுக்குச் சிரிப்பு வந்தது. கல்யாணமான நாளிலிருந்து எத்தனை பங்குச் சாமியார்களிடம் அழுதிருப்பாள்! "பொறுத்துக்கோம்மா" என்பதைத் தவிர ஒருவர் வாயிலிருந்தும் வேறு வார்த்தை வந்ததில்லை. இந்தத் தகர டப்பாவுக்கு இருக்கிற ரோஷம்கூட அவர்களுக்கு இல்லை.

உபதேசியார் கோயில் வராந்தாவில் படுத்தார். அவளையே மறுபடி கட்டிக்கொள்ளச் சாமியாரிடம் ஏற்பாடும் செய்தார். அவளிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று இருவருக்குமே தோன்றவில்லை.

ஞாயிறு பூசையில் சாமியார் கல்யாண ஓலை வாசித்தார்.

"சந்தியாகுவும் ரெஜினாவும் திருமணம் செய்ய இருக்கிறார்கள். தடை ஏதும் தெரிந்தவர்கள் தெரிவிக்கவும்."

இதற்கு யாரும் எழுந்ததாக அந்தக் கோயிலில் சரித்திரமே இல்லை. உபதேசியார் மீசையைத் தடவிக்கொண்டார். சாமியார் அடுத்த அறிவிப்புக்குப் போனார்.

பெண்கள் பக்கத்தில் ரெஜினா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள்.

"எனக்குத் தெரியும், சாமி."