இடப்பக்கப் பெட்டி

தாராவியில் கேசட் ரெக்கார்டிங் கடை நடத்தும் அப்துல் ரவூப், தன் ஸ்டுடியோ ஸ்பீக்கர் ஜோடியை விற்கப் படாத பாடு பட்டார். வந்தவர்கள் எல்லாரும் ஒரு பாட்டுப் போடச் சொன்னார்கள். இடப்பக்கப் பெட்டி கரகரத்ததும் மெல்ல நழுவிவிட்டார்கள்.

இன்று வந்த நம்பிராஜனோ நேரே பணத்தை நீட்டினார்.

"ஒரு பாட்டு போட்டுக் காட்டட்டுமா, அண்ணாச்சி?" ஒப்புக்குத்தான் கேட்டார் ரவூப்.

"வேண்டாம் பாய்."

"கேட்டுப் பாக்காம ஸ்பீக்கர் வாங்குத ஆளை இப்பத்தான் பாக்கேன்!"

"இடப்பக்கப் பெட்டி கரகரங்கும். தெரியும்."

ரவூபுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எப்படித் தெரியும்?"

நம்பிராஜன் கடையின் பின்சுவரைத் தட்டினார். "இதுக்கு அந்தப் பக்கம்தான் நம்ம வீடு. வாசல் அடுத்த சந்துல இருக்கு. எனக்கு நைட் ஷிப்ட் பாய். பகல்ல கண்ணசந்து ரெண்டு வருஷமாச்சு. நீங்க இதை விக்கீங்கன்னு கேள்விப்பட்டதும் ஓடியாந்துட்டேன். கடையை மூடுதீங்களோ?"

ரவூப் சட்டென்று பணத்தைச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

துபாயிலிருந்து மச்சான் கொண்டுவரும் புது ஜோடி இதைப்போல இரண்டு மடங்கு பெரிது. அது எப்படிப் பாடும் என்று ரவூபுக்கே இன்னும் தெரியாது. நம்பிராஜனுக்கு வெள்ளிக்கிழமை தெரிந்துவிடும்.