தட்டைப் பென்சில்

பால் பொங்கி வழிந்து அடுப்பே அணைந்துபோயிருந்தது. மனைவியோ காதல் நாவலில் மூழ்கியிருந்தாள். வேலை முடிந்து வந்த தச்சருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புத்தகத்தை வெடுக்கென்று பிடுங்கினார்.

“புருஷன்னு ஒருத்தன் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது உனக்கு எதுக்குடி இந்தக் கண்றாவி?”

“குடுங்க, இன்னும் முடிக்கல.”

“இதுல கோடு வேற போட்டு வச்சிருக்க!” என்றவர், அந்த வரியை உரக்கப் படித்தார். “‘உன் நிழல் விழும் இடத்தில்தான் என் வெயில் ஆறுகிறது.’ த்தூ! எவனாவது இப்படிப் பேசுவானா?”

“பேசினானே ஒருத்தன்.”

“யாருடி அவன்?”

அவர் போட்ட கத்தலில் காதில் செருகியிருந்த தட்டைப் பென்சில் கீழே விழுந்தது. அவள் அதை எடுத்து, அந்தக் கோட்டுக்குக் கீழே இன்னொரு கோடு இழுத்தாள். அதே பட்டை, அதே கறுப்பு.

“இந்தப் புத்தகம் பரண்ல உங்க பழைய உளிப் பெட்டிக்குள்ள கிடந்துச்சு. கல்யாணத்துக்கு முன்னாடி நீங்க எனக்கு எழுதினது பதினோரு லெட்டர். ஒன்பது இதுலேருந்து அப்படியே சுட்டது. மிச்சம் ரெண்டு எந்தப் புத்தகம்னு சொல்லிடுங்க. அதையும் படிச்சிடறேன்.”