நான்காவது பட்டன்

கருமாதிக்கு வந்தவர்கள் பந்தியில் உட்கார்ந்திருந்தபோது நிலவன் அந்தத் தாளப் பெட்டியை ஜன்னலில் வைத்தான்.

முப்பது வயதுப் பெட்டி. இரு பக்கமும் மரம், மேலே அழுத்தினால் தானே தாளம் வாசிக்கும் பட்டன்கள் வரிசையாக, வேகத்துக்கு ஒரு திருகு. உப்பளம் ராஜாங்கத்தின் அண்ணன் பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து திரும்பியபோது கொண்டுவந்தது. ராஜாங்கம் ஆர்கெஸ்ட்ரா நடத்திய காலமெல்லாம் மேடையில் இருந்தது.

காலையில் அவரிடம் வாங்கப் போனபோது நிலவன் விலை கேட்கவில்லை. “பேட்டரியைக் கழட்டினீங்களா?” என்றுதான் கேட்டான்.

“எப்பிடிப்பா கழட்டுவேன்? கரண்ட்ல போட்டுக்கினேதான் மாத்துவேன். இல்லன்னா நாம அடிச்சி வெச்சது பூரா அழிஞ்சிபூடும்.”

பெட்டியை ஸ்கூட்டரின் முன்னால் நிறுத்தி, ஒவ்வொரு வேகத்தடையிலும் இறங்கித் தள்ளிக்கொண்டே லாஸ்பேட்டை வந்து சேர்ந்தான்.

அவன் மனைவி நிர்மலா காய்ச்சலில் நாலே நாளில் போய்விட்டாள். இருபத்தாறு வயது.

சின்ன வயசுச் சாவுக்கு மேளம் கூடாது என்று சித்தப்பா பலராமன் சொல்லிவிட்டார். அவளைத் தூக்கிக்கொண்டு போனபோது தெருவில் நடக்கிற சத்தம் மட்டும்தான் கேட்டது. நிலவன் அழவும் இல்லை.

இன்று பதினாறாம் நாள்.

ஆம்ப்ளிஃபயரில் ஒயரைச் செருகினான். முதல் பட்டன் ரும்பா, இரண்டாவது வால்ட்ஸ், மூன்றாவது மார்ச். நான்காவதில் எதுவும் எழுதியிருக்கவில்லை.

அதை அழுத்தினான்.

மேளம் போலவே இல்லை. பானையின் வயிற்றில் விரலால் தட்டியதுபோல ஓர் அடி, காய்ந்த எண்ணெயில் கடுகு விழுந்ததுபோல ஒரு சீறல். மொத்தம் ஏழு அடி. எட்டாவது விழ வேண்டிய இடம் காலி. மறுபடி ஏழு.

தெருக்கோடி வரை கேட்டது. பந்தியில் கைகள் நின்றன.

பலராமன் எச்சில் கையோடு ஓடிவந்தார். “டேய், உனுக்கு புத்தி கெட்டுப்போச்சா? எழவு ஊட்ல மேளமாடா வாசிக்கிற? நிறுத்துடா!”

நிலவன் சத்தத்தைக் கூட்டினான்.

அவர் ஒயரைப் பிடுங்கக் கை நீட்டினார். அந்தக் கையை, சோற்றுப் பருக்கையோடு, நிலவன் பிடித்துக்கொண்டான். பதினாறு நாளில் அவன் ஒரு மனிதரைத் தொட்டது அதுதான் முதல்முறை.

“நான் வாசிக்கல சித்தப்பா. கல்யாணத்துக்கு முன்ன, ராஜாங்கம் ட்ரூப்ல இருந்தப்ப, உங்க மருமவ இதுல அடிச்சி வெச்சது. அவளே வாசிச்சிக்கிறா. நிறுத்தணும்னா அவகிட்ட சொல்லுங்க.”

பலராமனின் கை தளர்ந்தது.

ஏழு அடி. காலி. ஏழு அடி. காலி.

வீட்டில், சமையல் மேடையில் ஏழு அடி தட்டிவிட்டு, எட்டாவதை அவள் நிலவனின் முதுகில் போடுவாள்.

அவன் பெட்டிக்கு முதுகைக் காட்டி நின்றான்.