ஒன்பதும் நலம்

ஆய்வுக்கூடத்தில் பத்து வெள்ளை எலிகளுக்குப் புதுத் தடுப்பூசி போட்டார்கள். மூன்று வாரம் கழித்து, அதே நோயின் கிருமியை மூக்கில் சொட்டாக விட்டுப் பார்த்தார்கள். ஏழாம் எண் எலிக்கு மட்டும் காய்ச்சல் கண்டது.

ஆய்வாளர் குனிந்து பார்த்தார். "இது பிறவியிலேயே சவலை. கணக்கில் சேராது" என்று சொல்லி, பலகையில் இருந்ததை அழித்துவிட்டு எழுதினார்: "ஒன்பது எலிகள். ஒன்பதும் நலம்."

ஏழாம் எலி கொதித்துப்போனது. "போன வாரம் வந்தவங்ககிட்ட, எவ்வளவு கொழுகொழுன்னு இருக்குன்னு என்னைத்தானே தூக்கிக் காட்டினார்! காய்ச்சல் வந்ததும் சவலையா? ஊசி ஏன் தோத்துச்சுன்னு கேக்க மாட்டாராமா?"

அடுத்த கூண்டிலிருந்த ஆறாம் எலி எரிந்து விழுந்தது. "ஒன்பது பேர் நல்லா இருக்கோம். உன் ஒருத்தனால எல்லார் பேரும் கெடணுமா? சும்மா கிட."

"உனக்குப் போட்டதும் அதே ஊசிதான்டா!"

மறுநாள் காலை ஆறாம் எலிக்கு மூக்கு ஒழுகியது. உடம்பு கொதித்தது. "ஐயா, எனக்கும் காய்ச்சல்! எழுதிக்குங்க!" என்று கூண்டுக் கம்பியைப் பிடித்து உலுக்கியது.

ஆய்வாளர் குனிந்து பார்த்தார். பெருமூச்சு விட்டார். பலகை துடைக்கும் துணியை எடுத்தார்.

"எட்டு எலிகள். எட்டும் நலம்."

ஐந்தாம் எலிக்குத் தும்மல் முட்டிக்கொண்டு வந்தது. இரண்டு கையாலும் மூக்கை இறுகப் பொத்திக்கொண்டது.