ஓடுபாதைக்கு மேல் ஒரு கரணம்

எதிரி விமானம் புகை கக்கிக்கொண்டு கடலுக்குள் போனது.

அதைச் சுட்டது நானா, பக்கத்தில் பறந்த ஜோடி விமானியா என்று எனக்கே சந்தேகம். திரையில் 'வாலு' என்ற பெயருக்கு எதிரே ஒரு புள்ளி ஏறியது.

வாலு நான் இல்லை. என் அண்ணன்.

காதுக்குள் ஜோடி விமானி சிரித்தான். அவன் யார், எந்த ஊர் என்றுகூட எனக்குத் தெரியாது.

"என்ன வாலு, இன்னைக்கும் பரீட்சை எழுதுற மாதிரியே ஓட்டுற? அடிக்கோடு போட்டு முடிச்சுட்டு வாடா மாப்ள, நான் முன்னால போறேன்."

நான் ஒலிவாங்கியைத் திறக்கவில்லை. குரல் காட்டிக்கொடுத்துவிடும்.

மாலை வகுப்பின் கணினி அறை. ஆசிரியர் வர இன்னும் நேரம் இருந்தது. முன் வரிசையில் இரண்டு பேர் ஒருவரைப் பார்த்து ஒருவர் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தார்கள். நான் கடைசி வரிசையில், சுவருக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்து, போர் விமானத்தைத் தளத்துக்குத் திருப்பினேன்.

அண்ணன் அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு வீட்டைவிட்டுப் போனவன். கைபேசி எண்ணை மாற்றிவிட்டான். இந்த விளையாட்டின் கடவுச்சொல்லை மாற்றவில்லை.

என் கணக்கில் பயிற்சி விமானம் மட்டும்தான். அவன் கணக்கில் போர் விமானம் இருந்தது. ஒரே ஒரு தடவை ஓட்டிப் பார்க்கலாம் என்றுதான் முதல் நாள் நுழைந்தேன்.

அன்று வீடு திரும்பியபோது அம்மா வாசலிலேயே நின்றாள். வீட்டுக் கணினியில் என் கணக்கு எப்போதும் திறந்தே கிடக்கும். நண்பர்கள் பட்டியலில் அண்ணன் பெயருக்குப் பக்கத்தில் பச்சை விளக்கு எரிந்ததாம். அதை அழுத்தினால் அவன் பறப்பதை வெளியிலிருந்து பார்க்கலாம். அப்படிப் பார்க்க அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததும் நான்தான், எப்போதோ, விளையாட்டாக.

"உங்கண்ணன் வந்தான்டா. நல்லா இருக்கான்," என்றாள்.

சாப்பிடும்போது உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். அவள் தன் தட்டில் இரண்டாம் முறை பரிமாறிக்கொண்டாள். அவன் போனதிலிருந்து அப்படிச் சாப்பிட்டதில்லை. வாயை மூடிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு வகுப்பு உள்ள நாளெல்லாம் அண்ணன் பறந்தான்.

அம்மா ஒரு நாளும் அவனுக்குச் செய்தி அனுப்பியதில்லை. தொந்தரவு செய்தால் இங்கேயும் வராமல் போய்விடுவானோ என்ற பயம் என்று நானாகவே நினைத்துக்கொண்டேன்.

நேற்று மட்டும், துணி மடித்துக்கொண்டே, என்னைப் பார்த்துச் சொன்னாள்.

"முன்னெல்லாம் இறங்குறதுக்கு முன்னாடி ஒரு கரணம் அடிப்பான். இப்ப அடிக்கிறதே இல்ல. மனசு சரியில்லையோ என்னமோ."

அடுத்த அறையில் அப்பா செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். அவர் அண்ணன் பெயரைச் சொல்வதில்லை. கணினி இருக்கும் இடத்தை எட்டிப் பார்ப்பதும் இல்லை. தாள் புரளும் சத்தம் மட்டும் வெகுநேரம் கேட்கவில்லை.

அந்தக் கரணம் அண்ணனின் கையெழுத்து மாதிரி. ஓடுபாதை கண்ணில் பட்டதும் விமானத்தைத் தலைகீழாகப் புரட்டி, நிமிர்த்தி, அதே மூச்சில் இறங்குவான். இதுவரை நான் செய்தது பொய் என்றால், இது போலிக் கையெழுத்து. போடாவிட்டால் அம்மா நேற்றிரவு போல இன்றும் தட்டை அப்படியே தள்ளிவைப்பாள்.

ஓடுபாதை தெரிந்தது.

எதையும் வரிசையாகச் செய்தால்தான் எனக்கு நிம்மதி. வேகத்தைக் குறைத்தேன். இறக்கை மடல்களைத் தாழ்த்தினேன். சக்கரங்களை இறக்கினேன். சரியாக இறங்கினவா என்று இன்னொரு முறை பார்த்தேன்.

பிறகு விசையை அழுத்திப் பிடித்தேன்.

வானம் கீழே போனது. கடல் தலைக்கு மேல் வந்து தொங்கியது. நாற்காலி அசையவே இல்லை, ஆனாலும் ஒரு கையால் மேசையைப் பிடித்துக்கொண்டேன். விமானம் தள்ளாடி, ஒருவழியாக நிமிர்ந்தது.

இந்நேரம் அம்மா சிரித்திருப்பாள் என்று நினைத்தேன். திருடிய பொருளைப் பரிசாகக் கொடுத்தவன்போல் முகம் சுட்டது.

திரையின் மூலையில் ஒரு செய்தி வந்தது. என் பெயரிலிருந்து.

"சக்கரத்த இறக்கிட்டு அவன் கரணம் அடிக்கமாட்டான்டா."

என் விரல் விசையிலேயே நின்றுவிட்டது. ஓடுபாதை தன்பாட்டுக்கு நெருங்கிக்கொண்டிருந்தது.

அடுத்த வரி வர நேரம் பிடித்தது. அம்மா ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டுவாள்.

"மேல போய் சக்கரத்த உள்ள இழுத்துட்டு மறுபடியும் வா. அப்பா கண்ணாடி எடுக்கப் போயிருக்காரு. போட்டுட்டுப் பாத்தா அவரும் கண்டுபிடிச்சிருவாரு."

நான் விமானத்தின் மூக்கைத் தூக்கினேன். ஓடுபாதை அடியில் நழுவிப் போனது.

சக்கரங்களை உள்ளே இழுத்துக்கொண்டு, அவர் வந்து உட்காரட்டும் என்று கடலுக்கு மேல் மெதுவாக வட்டமிட்டேன்.